கூன் விழுமா, விழாதா? கணக்குப் போட்டுச் சொன்ன கோவை டாக்டர்

"ஏனுங்க டாக்டர், நோவு தீர்ந்துடும்னு சொல்றீங்க. பையனுக்குக் கூன் விழுந்துடுங்களா?"

முதுகெலும்பில் காசநோய் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய் தகப்பன் கேட்கும் கேள்வி இது. பவானியிலிருந்து வந்தாலும் சரி, பல்லடத்திலிருந்து வந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான். நெடுங்காலம் வரையில் இதற்கு டாக்டர்களிடம் சரியான பதில் இல்லை. "பார்க்கலாம்" என்பார்கள். "மருந்தை விடாமல் கொடுங்கள்" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கே தெரியாது.

ஓர் எக்ஸ்-ரே படத்தையும் ஒரு சிறு கணக்கையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வழி கண்டவர், கோவை கங்கா ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு சர்ஜன் டாக்டர் எஸ்.ராஜசேகரன். எலும்பு வைத்தியம் படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கணக்கு இன்று பாடமாக இருக்கிறது.

ஆபரேஷன் செய்வதில் கைதேர்ந்தவர்கள் நம் நாட்டில் பலர் உண்டு. யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்குக் கத்தியே வேண்டாம் என்பதை முன்கூட்டி அறிவதற்காக ஒரு சர்ஜன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படங்களை அளந்தார் என்றால், அது விசேஷம் அல்லவா?

சுண்டுவிரல் பருமன்

முதலில் முதுகெலும்பைத் தெரிந்துகொள்வோம்.

பிறக்கும்போது மனிதனுக்கு முதுகெலும்புத் துண்டுகள் 33. வளர வளர, அடியில் உள்ள 9 துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டே எலும்புகளாகிவிடுகின்றன. மீதி 24 துண்டுகள்தான் நாம் குனியவும் நிமிரவும் திரும்பவும் உதவுகின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே டிஸ்க் என்ற ஜவ்வு இருக்கிறது. வில் வண்டிக்கு வில் எப்படியோ, அப்படி முதுகுக்கு இந்த ஜவ்வு. குதித்தாலும் சுமை தூக்கினாலும் அதிர்ச்சியை இது தாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் ஒரு துவாரம் உண்டு. மணிகளைக் கோத்த நூல் போல, அந்தத் துவாரங்களின் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. அதன் பருமன் சுண்டுவிரல் அளவு. நீளம் சுமார் ஒன்றரை அடி. காலை மடக்கு, நீட்டு, நட என்று மூளை இடுகிற கட்டளைகள் எல்லாம் இந்த ஒரே பாதையில்தான் போக வேண்டும். மலஜலம் அடங்குவதும் கழிவதும்கூட இதன் தயவில்தான்.

உடைந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் ஆறும். நசுங்கிப்போன தண்டுவடத்தைப் பழையபடி ஆக்க இன்றுவரை மருந்து கிடையாது.

"முதுகிலே கத்தி வெச்சா காலு வெளங்காமப் போயிரும்" என்று கொங்கு நாட்டு அம்மாயிமார்கள் பயந்ததை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஆபரேஷனுக்குச் சென்னைக்கோ வேலூருக்கோதான் ரயில் ஏற வேண்டும். போனவர் நடந்து திரும்புவாரா என்று ஊரே காத்திருக்கும்.

பார்வோன் காலத்து நோய்

காசநோய் என்றால் இருமல் நோய், நெஞ்சு நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி ரத்தத்தோடு போய் எலும்பிலும் தங்கும். எலும்பிலே அதற்கு மிகவும் பிடித்த இடம் முதுகெலும்பு.

இது புதிய நோயும் அல்ல. எகிப்து நாட்டில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் பதம் செய்து வைத்த பிரேதம் ஒன்றில், கூன் விழுந்த முதுகும் சீழ்க்கட்டியும் அப்படியே இருக்கின்றன. இந்தக் கூனையும் அதனால் கால் விளங்காமல் போவதையும் 1779-ல் லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட் என்பவர் விவரமாக எழுதினார். அவர் பெயராலேயே இந்த நோயை இன்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ராபர்ட் காக். ஆண்டு 1882.

கிருமி என்ன செய்கிறது? எலும்புத் துண்டின் முன்பக்கத்தை அரிக்கிறது. சுவரின் ஒரு பக்கத்தில் செங்கல் உதிர்ந்தால் சுவர் எந்தப் பக்கம் சாயும்? உதிர்ந்த பக்கம்தானே! அதேபோல முதுகு முன்னால் மடங்குகிறது. பின்னால் கூன் தள்ளுகிறது.

மருந்து இல்லாத காலத்தில் நோயாளியை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டு, உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு வைப்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரிகள் இதற்காகவே ஏற்பட்டன. பெருந்துறை சானடோரியம் என்றால் கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

1940-களில் ஸ்டிரெப்டோமைசின் வந்தது. பிறகு வேறு மருந்துகளும் வந்தன. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கும் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடுபவருக்கும் குணத்தில் வித்தியாசமில்லை என்று 1959-ல் இந்த நிலையம் உலகுக்கு எடுத்துக் காட்டியது. ஏழைகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! வேலையையும் வீட்டையும் விட்டுப் போக வேண்டாம் அல்லவா?

அது நெஞ்சு நோய்க்கு. முதுகெலும்புக்கு?

அதில் டாக்டர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஹாங்காங் சர்ஜன்கள், "முன்பக்கமாகத் திறந்து, அரித்த எலும்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வேறு எலும்பை வைத்து ஒட்ட வேண்டும்" என்றார்கள். கொரியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த சோதனைகளோ, "மருந்தே போதும், படுக்கைகூட வேண்டாம்" என்று காட்டின. 1975-ல் சென்னையிலும் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு மருந்து மட்டும். இன்னொரு பிரிவினருக்கு மருந்தும் ஆபரேஷனும்.

இந்தச் சோதனையில் முன்னின்றவர்களில் ஒருவர், சென்னையின் பெயர்பெற்ற எலும்பு சிகிச்சைப் பேராசிரியர் டி.கே.சண்முகசுந்தரம். அவரோடு சேர்ந்து உழைத்த இளம் டாக்டர்தான் ராஜசேகரன்.

ஒரு வரிக் கணக்கு

மருந்து நோயைக் குணமாக்கியது. அதில் சந்தேகமில்லை. கிருமி செத்தது. வலி போயிற்று. பசி எடுத்தது. குழந்தை ஓடியாடி விளையாடியது. கூன் மட்டும் சிலருக்குச் சிறிதாக நின்றது. சிலருக்குப் பெரிதாக வளர்ந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

ராஜசேகரனும் அவருடைய பேராசிரியரும் எக்ஸ்-ரே படங்களை எடுத்து வைத்து அளந்தார்கள். ஒவ்வொரு எலும்புத் துண்டையும் பத்துப் பங்காகப் பிரித்தார்கள். சிகிச்சை தொடங்கும் நாளில் எத்தனை பங்கு அரித்துப் போயிருக்கிறது என்று எண்ணினார்கள். பிறகு, ஆண்டுகள் கழித்துக் கூன் எத்தனை டிகிரியில் நின்றது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் நேரான சம்பந்தம் இருந்தது!

1987-ல் அமெரிக்காவின் எலும்பு வைத்தியப் பத்திரிகையில் அது வெளியாயிற்று. கணக்கு மிகவும் எளிது. அரித்துப்போன எலும்பின் அளவை 30.5-ஆல் பெருக்கு. அதோடு 5.5-ஐக் கூட்டு. வருவதுதான் கடைசியில் நிற்கும் கூனின் அளவு.

உதாரணமாக, ஒரு முழுத் துண்டு அளவுக்கு எலும்பு போயிருந்தால் 36 டிகிரி கூன் நிற்கும். ஒன்றரைத் துண்டு போயிருந்தால் 51 டிகிரிக்குச் சற்று மேல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்தக் கணக்கு சரியாக வந்தது.

இதனால் லாபம் என்ன? பெரிய கூன் விழப் போகிறவர் யார் என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது. அவருக்கு மட்டும் ஆபரேஷன் செய்தால் போதும். மற்றவர்கள் மருந்தோடு வீட்டுக்குப் போகலாம்.

பதினைந்து ஆண்டு காத்திருந்து

குழந்தைகளின் கதை வேறு. குழந்தைக்கு முதுகு இன்னும் வளர வேண்டும். நோய் தீர்ந்த பிறகும் வளர்ச்சி தன் வேலையைச் செய்யும். அது நல்லதைச் செய்யுமா, கெட்டதைச் செய்யுமா?

61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சோதனையில் சேர்ந்தபோது அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை, கடைசிப் படம் எடுக்கும்போது மீசை முளைத்த வாலிபனாகியிருப்பான்! நம் நாட்டில் வீடு மாறுவார்கள், ஊர் மாறுவார்கள். இத்தனை ஆண்டுகள் விடாமல் தேடிப்பிடித்துப் படம் எடுப்பது லேசான காரியமல்ல. ஆபரேஷன் செய்து பேர் வாங்குவதைக் காட்டிலும் இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

முடிவு 2001-ல் பிரிட்டிஷ் எலும்பு வைத்தியப் பத்திரிகையில் வந்தது. நூற்றுக்கு 44 பேருக்கு, வளர வளரக் கூன் தானாகவே குறைந்தது! 17 பேருக்கு மாறுதல் அதிகமில்லை. 39 பேருக்கோ நோய் குணமான பிறகும் கூன் ஏறிக்கொண்டே போயிற்று. இவர்களிலும் சிலருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு திடீரென்று ஏறத் தொடங்கியது. 'பிள்ளை பிழைத்துக்கொண்டது' என்று பெற்றோர் நிம்மதியாக இருந்த காலம் அது.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஆபரேஷன் செய்தால், தானாகவே நிமிரப் போகிற 44 பேருக்கும் வீணாகக் கத்தி வைத்ததாகும். யாருக்குமே செய்யாவிட்டால் 39 பேர் கெட்டுப்போவார்கள். அப்படியானால் அந்த 39 பேரை எப்படிப் பொறுக்கி எடுப்பது?

பழைய படங்களை மறுபடியும் பார்த்தபோது நான்கு அடையாளங்கள் அகப்பட்டன. முதுகெலும்பின் பின்பக்கத்தில் துண்டும் துண்டும் கோத்துக்கொள்ளும் சிறு மூட்டு உண்டு. கெட்டுப்போகிற குழந்தைக்கு அந்த மூட்டு, கீல் கழன்ற கதவு போல விலகி நிற்கும். நோய் கண்ட எலும்பு பின்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். நேராக எடுத்த படத்தில் ஒரு துண்டு பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். மேலே உள்ள நல்ல எலும்பு, கீழே உள்ளதன்மேல் கவிழப் பார்க்கும். ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு மார்க். இரண்டுக்கு மேல் மார்க் வாங்கும் குழந்தையின் முதுகு ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

பள்ளிக்கூடத்தில் மார்க் கூடினால் சந்தோஷம். இங்கே கூடினால் ஆபரேஷன்!

அடையாளம் தெரிந்த உடனேயே செய்தால் ஆபரேஷன் சிறிது. பின்பக்கமாகத் துண்டுகளை ஒட்டிப் பிடித்து நிறுத்தினால் கூன் மேலே ஏறாது. விட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. கூன் 60 டிகிரியைத் தாண்டிப் போனால் அழகு கெடுவதோடு நிற்காது. மார்பு சுருங்கி மூச்சு முட்டும். தண்டுவடம் அந்தக் கூனின்மேல் வருஷக்கணக்கில் இழுபட்டு, பத்து இருபது ஆண்டு கழித்துக் கால் தளர்ந்துபோகும்.

அப்படி முற்றிப்போன கூன்களையும் ராஜசேகரனின் குழுவினர் நிமிர்த்தியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஆப்பு வடிவில் எலும்பை வெட்டி எடுப்பார்கள். முன்பக்கத்தில் உலோகக் கூடு ஒன்றை வைத்து முட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டின்மேல் முதுகை மெல்ல நிமிர்த்துவார்கள். ஒரே மூச்சில் இத்தனையும் நடக்கும். இப்படிச் செய்துகொண்ட 17 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2010-ல் எழுதினார்கள். மிகவும் ஆபத்தான வேலை இது. முதல் எக்ஸ்-ரேயிலேயே மார்க் போட்டிருந்தால் இவர்களில் பலருக்கு இந்த வேலையே இருந்திருக்காது.

மயக்க மருந்து டாக்டரின் மகன்

கங்கா ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் ராஜசேகரனின் தகப்பனார் டாக்டர் ஜே.ஜி.சண்முகநாதன். அவர் சர்ஜன் அல்ல. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். 1978-ல் அவரும் மனைவி கனகவல்லியும் சேர்ந்து ஒரு சிறு நர்சிங் ஹோமாக இதை ஏற்படுத்தினார்கள். இன்று மேட்டுப்பாளையம் சாலையில் பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது.

பிள்ளைகள் இருவரும் சர்ஜன்கள். ராஜசேகரன் எலும்புக்கும் முதுகெலும்புக்கும். அவர் எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பட்டமும், லிவர்பூலில் எலும்பு அறுவையில் எம்.சி.எச். பட்டமும் பெற்றவர். சகோதரர் ராஜா சபாபதி பிளாஸ்டிக் சர்ஜன். அறுந்த கையையும் விரலையும் ஒட்டவைப்பதில் பேர் பெற்றவர்.

மயக்க மருந்து டாக்டரின் வீட்டில் முதுகெலும்பு சர்ஜன் உருவானது பொருத்தமானதே. இந்த ஆபரேஷனில் இருவரும் ஒரு மாட்டு வண்டியின் இரண்டு காளைகள். முதுகை நிமிர்த்தும்போது தண்டுவடம் நசுங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோயாளியோ மயக்கத்தில் இருக்கிறார்! இதற்கு 1973-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் ஒரு தந்திரம் சொன்னார்கள். ஆபரேஷன் நடுவே, முதுகு திறந்திருக்கும்போதே, மயக்கத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். "கால் விரலை ஆட்டு" என்று காதில் சொல்வார்கள். விரல் ஆடினால் மறுபடி மயக்கம் கொடுத்து வேலையைத் தொடருவார்கள். ஆடாவிட்டால் நிமிர்த்தியதைத் தளர்த்துவார்கள். விரல் ஆடும்வரை அந்த அறையில் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடும் அல்லவா? இப்போது நரம்பின் மின்துடிப்பைக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன.

இன்னோர் ஆபத்து திருகாணி. எலும்புகளை நிறுத்திப் பிடிக்க, துண்டின் பின்புறத்தில் உள்ள மெல்லிய தண்டு வழியாகத் திருகாணி ஏற்ற வேண்டும். மார்புப் பகுதியில் அந்தத் தண்டு சிலருக்குப் பென்சிலைவிட மெலிது. உள்பக்கம் தவறினால் தண்டுவடம். வெளிப்பக்கம் தவறினால் பெரிய ரத்தக்குழாய்.

நகரும்போதே எலும்பின் படத்தைத் திரையில் காட்டி, திருகாணி போகும் வழியைச் சொல்லும் கம்ப்யூட்டர் கருவி ஒன்று வந்தது. புதுக் கருவி என்றால் வாங்கி வைத்து விளம்பரம் செய்வதோடு பலர் நின்றுவிடுவார்கள். கோவையில் அதைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். வளைந்த முதுகுள்ள 33 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 478 திருகாணிகள். கருவி இல்லாமல் ஏற்றியவற்றில் 54 எலும்பைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தன, நூற்றுக்கு 23. கருவியோடு ஏற்றியவற்றில் வெறும் 5, நூற்றுக்கு 2. நேரமும் மிச்சம். 2007-ல் வெளியான இந்தக் கணக்கில், தங்கள் கையால் தவறியதையும் ஒளிக்காமல் எண்ணிக்காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டிஸ்க்குக்குச் சோறு போடுவது யார்?

கூனும் காசநோயும் சிலருக்கு. இடுப்பு வலியோ எல்லோருக்கும்! பஞ்சாலையில் நின்று வேலை செய்பவர், விசைத்தறி ஓட்டுபவர், லாரி ஓட்டுபவர், பஸ்ஸில் குலுங்கிப் போகிறவர் என்று யாரைக் கேட்டாலும் "டிஸ்க் விலகிடுச்சுங்க" என்பார்.

டிஸ்க்கில் ஒரு விசித்திரம் உண்டு. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் போவதில்லை. அப்படியானால் அது எப்படிச் சாப்பிடுகிறது? மேலும் கீழும் உள்ள எலும்பின் ஓரத்தில் மெல்லிய தகடு இருக்கிறது. அந்தத் தகட்டின் வழியாகச் சத்து கசிந்து வருகிறது. மண்பானையில் தண்ணீர் கசிவது போலத்தான்.

ராஜசேகரன் குழுவினர் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி, ஐந்து நிமிஷம் முதல் 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மருந்து டிஸ்க்கின் நடுவே போய்ச் சேரப் பல மணி நேரம் ஆயிற்று. தகடு பழுதான இடத்தில் இந்தக் கசிவின் ஒழுங்கே மாறிப்போயிருந்தது. உயிருள்ள மனிதரிடத்தில் இதைக் காட்டியதற்காக 2004-ல் இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

2013-ல் அதே பரிசு மறுபடியும் கோவைக்கு வந்தது. டிஸ்க் பிதுங்கி ஆபரேஷனுக்கு வந்த 181 பேரைச் சோதித்தார்கள். ஜவ்வின் சுற்றுச்சுவர் கிழிந்துதான் டிஸ்க் பிதுங்குகிறது என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. பார்த்தால், நூற்றுக்கு 65 பேருக்கு ஜவ்வு தகட்டோடு ஒட்டியிருக்கும் இடமே பெயர்ந்து வந்திருந்தது! 2017-ல் மூன்றாவது முறை. டிஸ்க் கெடுவதற்குக் கிருமியும் ஒரு காரணமாக இருக்குமோ என்ற கேள்வியை அந்த ஆராய்ச்சி எழுப்பியது. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

வலிக்காரர்களுக்கு இதில் உபயோகமான செய்தி ஒன்று உண்டு. டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி தானாகவே தணிகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் டிஸ்க் பிதுங்கித் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் மேஜையில் ஏறக் கூடாது. ஆனால் சிறுநீர் கட்டுக்கு மீறிப் போனாலோ, அடியோடு வராமல் நின்றாலோ, உட்காருமிடம் மரத்துப் போனாலோ, கால் தளர்ந்துகொண்டே வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

எருவுக்கும் மார்க்

கணக்குப் போடும் பழக்கம் முதுகோடு நிற்கவில்லை. சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்துகளில் கால் நசுங்கி வருகிறவர்கள் பலர். காலைக் காப்பதா, எடுத்துவிடுவதா? அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து இதற்கும் ஒரு மார்க் ஏற்பாடு செய்தார்கள். தோலுக்கு, எலும்புக்கு, தசை நரம்புக்கு என்று தலைக்கு ஒன்று முதல் ஐந்து வரை. சர்க்கரை வியாதி, முதுமை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் போன்றவற்றுக்குத் தனியே இரண்டிரண்டு. காயத்தில் சாக்கடைத் தண்ணீரோ தொழுவத்து எருவோ பட்டிருந்தால் அதற்கும் இரண்டு! மொத்தம் 14-க்குள் இருந்தால் காலைக் காக்கலாம். 17-ஓ அதற்கு மேலோ போனால் எடுத்துவிடுவது நல்லது. நடுவில் இருந்தால் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 2006-ல் வெளியான இந்த ஏற்பாட்டுக்கு 'கங்கா ஆஸ்பத்திரி மார்க்' என்றே உலகத்தில் பெயர். வயற்காட்டு எருவையும் கணக்கில் சேர்க்க வயற்காட்டு நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

கணக்குக்கு அடங்காதது

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுகிறவர்கள் உண்டு. கிணற்று மேட்டிலிருந்து தவறுகிறவர்கள் உண்டு. தண்டுவடம் நசுங்கிய பிறகு எந்த சர்ஜனாலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. உடைந்த எலும்பை நிறுத்தி, மேலும் சேதம் வராமல் தடுக்கலாம். பிறகு சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொடுக்கலாம். அந்த வாழ்க்கையும் சிறிதல்ல. 1975 ஜனவரியில் கடற்படைத் தேர்வின்போது மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் ஆய்குடி ராமகிருஷ்ணன். 1981-ல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் தென்காசிப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் காலூன்ற வைத்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அறிவிக்கப்பட்டது.

மரத்திலிருந்து விழுந்தவரைக் கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கிக் காரில் மடக்கிப் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். இது பெரும் தவறு. உடைந்த எலும்பு அப்போதுதான் தண்டுவடத்தில் குத்தும். தலை, கழுத்து, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல உருட்டி, ஒரு பலகையில் படுக்கவைக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் ஒரு கதவைக் கழற்றிக்கொள்ளலாம். 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது அதைவிட நல்லது.

காசநோயும் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. குழந்தைக்கு மாலை நேரத்தில் லேசாகக் காய்ச்சல் வரும். உடம்பு இளைக்கும். தூக்கத்தில் முதுகு வலித்து அலறும். கீழே விழுந்த பந்தை எடுக்கச் சொன்னால் குனியாது. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். இப்படிக் கண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். முதுகெலும்பு நோய்க்கு ஓராண்டோ, அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டர் கருவியும் உலோகக் கூடும் எல்லா ஊரிலும் கிடைக்காது. அவற்றுக்குப் பணமும் வேண்டும். அந்த நான்கு அடையாளங்களைப் பார்க்க அவை எதுவும் தேவையில்லை. தாராபுரத்திலோ கோபியிலோ எடுத்த சாதாரண எக்ஸ்-ரே படம், ஒரு பென்சில், ஒரு ஸ்கேல். மருந்து முடிந்த பிறகும், குழந்தை வளர்ந்து முடியும் வரை, அந்தப் படத்தை ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்க வேண்டும்.